தலை துடுப்புக்கு

பதினாறு வருஷம் துடுப்புப் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டப்போகிறீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் பதினாறு வருஷம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு திட்டுங்கள்.

என் பெயர் ரங்கநாதன். செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை. வாரம் ஆறு நாள் குக்கரும் அண்டாவும் விற்பேன். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அனந்தபுரம் ரோட்டில் இருக்கும் பெரிய ஏரிக்குப் போய்விடுவேன். அறுவடை முடிந்து, தண்ணீர் இறங்கி, வெயில் ஏற ஏற விரால் மேலே வந்து மூச்சு வாங்கும் காலம் அது. சித்திரை பிறந்தால் ஏலம் எடுத்தவர் வலையை இறக்கிவிடுவார். அதற்குள் தூண்டில்காரர்கள் பிடித்தால்தான் உண்டு.

என் கூட்டாளி உத்திராபதி. ஏரிக்கு அடுத்த ஊர்தான் அவனுக்கு. மூன்று ஏக்கர் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறான். மகள் காதுகுத்துக்குப் பாத்திரம் வாங்க என் கடைக்கு வந்தவன், பேச்சுவாக்கில் "ஏரிப் பக்கம் வாயேன்" என்றான். போனேன். அப்புறம் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. சுற்றுவட்டாரத்தில் அவனைப்போல விராலுக்குத் தூண்டில் போட ஆள் கிடையாது. இதை நான் நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் படகைப் பார்த்தால் சிரிப்பீர்கள். தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, உரச் சாக்கைச் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய தெப்பம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் மூன்று பேரும் குளிக்கலாம். துடுப்பு என் கடைச் சரக்கு. மூங்கில் கழியின் நுனியில் ஒரு அலுமினியத் தட்டை வைத்து ரிவிட் அடித்து நானே செய்தது. முன்னால் உத்திராபதி, கையில் தூண்டில். பின்னால் நான், கையில் துடுப்பு. ஒரு நாள்கூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை.

எங்களுக்குள் இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம், தலை துடுப்புக்கு, வால் தூண்டிலுக்கு. மீன் பிடித்தவனை ஊரே மெச்சும். சத்தமில்லாமல் தெப்பத்தைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் நிறுத்தினவனை யார் மெச்சுவார்கள்? அதனால் குழம்பில் விரால் தலை அவனுக்குத்தான் என்று உத்திராபதி முதல் வருஷமே சொல்லிவிட்டான். விரால் தலையை உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும். அவன் மனைவி ஜானகி யாரையும் கேட்காமல் தலையை எடுத்து என் தட்டில் வைப்பாள். வால் அவன் தட்டுக்குப் போகும்.

இரண்டாவது சட்டம் சிவப்பு. விரால் குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மேலே வந்து மொய்க்கும். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் உலை கொதிப்பது போல இருக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நாட்களில் அவை சரியாக இரைகூட எடுக்காது. ஆனால் குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். அதனாலேயே பிடிக்கக் கூடாது. சிவப்பு தெரிந்தால் தூண்டிலை மடக்கு, தெப்பத்தைத் திருப்பு. உத்திராபதியின் சொந்த மச்சான் ஒரு தடவை கேட்காமல் சிவப்பில் தூண்டிலைப் போட்டுவிட்டான். அன்றோடு அவனுக்கு ஏரியும் இல்லை, அந்த வீட்டில் சோறும் இல்லை.

சிவப்பை முதலில் பார்ப்பது எப்போதும் நான்தான். தூண்டில்காரன் கண் நூல்மேல் இருக்கும். ஏரியைப் பார்ப்பது துடுப்புக்காரன்தான். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், தெப்பத்தைத் திருப்புவேன். உத்திராபதி எதற்கு என்று கேட்கமாட்டான், தூண்டிலைச் சுருட்டுவான். அப்படி இருந்தோம்.

இந்த வருஷம் மாசி பிறந்ததும் பூபதி வந்தான்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம், அனந்தபுரத்தில் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். டெம்போவில் ஒரு ஃபைபர் படகைக் கொண்டுவந்து இறக்கினான். அதற்குப் பேட்டரி மோட்டார். தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்ட, குட்டி டிவி மாதிரி ஒரு பெட்டி. சக்கரம் வைத்த தூண்டில். கால் அசைக்கும் ரப்பர் தவளை. உட்கார இரண்டு சுழல் நாற்காலி. கவனியுங்கள், இரண்டே இரண்டு.

உத்திராபதியை அவன் மாமா என்று கூப்பிட்டான். என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். எங்கள் இருவருக்கும் ஒரே வயதுதான். அவனை எனக்கு அந்த நிமிஷமே பிடிக்காமல் போனது.

முதல் வாரம் சனிக்கிழமை உத்திராபதி போன் செய்தான். "ரங்கா, நாளைக்கு பூபதி போட்ல போறேன். எப்டி ஓடுதுன்னு பாக்கலாம்னு. நீ ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! நான் கேட்டேனா ரெஸ்ட்? அந்த ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் மாடியில் உட்கார்ந்து ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்துநாலு வருஷமாகப் பார்க்கிற மலை. அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டாவது வாரமும் போன் வந்தது, "இந்த வாரமும் ரெஸ்ட் எடு" என்று. மூன்றாவது வாரம் போனே வரவில்லை. முன்னால் வந்த காதைவிடப் பின்னால் வந்த கொம்பு பெரிது என்பார்கள். எனக்கு அது பழமொழியாக இல்லை, நெஞ்சில் முள்ளாக இருந்தது.

என் மனைவி ராஜம்மாள் விடுவாளா? இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னா, மூஞ்சி இப்டி இருக்குது? சக்களத்தி வந்துட்டாளா?"

"வாய மூடு."

"சக்களத்திதான். மோட்டார் வெச்ச சக்களத்தி." சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூருக்குக் கல்யாணச் சீர்ப் பாத்திரம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஏரி அந்த வழியில் இல்லை. கரையில் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுத் திருடன் மாதிரி எட்டிப் பார்த்தேன்.

படகு நடு ஏரியில் நின்றது. உத்திராபதி அந்த நாற்காலியில் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றினான். பூபதி ஏதோ சொன்னான். உத்திராபதி சிரித்தான். சும்மா இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான். எங்கள் தெப்பத்தில் நான் இருமினால்கூட, "மீன் ஓடிடும், வாய மூடுய்யா" என்பவன் அவன். பதினாறு வருஷமாக எத்தனை கதை என் வயிற்றுக்குள்ளேயே செத்தது என்று அவனுக்குத் தெரியுமா? அங்கே நின்று எரிந்தேன். வேறு வார்த்தை இல்லை, எரிந்தேன்.

சாயங்காலம் போனில் அவன் ஸ்டேட்டஸ் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷத்தில் நானும் அவனும் சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. எங்கள் இருவரையும் யார் எடுப்பது, தெப்பத்தில் மூன்றாவது ஆள் ஏது?

பொறுக்க முடியாமல் போன் செய்தேன். எத்தனை கிலோ, எந்த இடம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன்.

"தல யாருக்கு?"

"இன்னா தல?"

"கொழம்புல, விரால் தல. யாரு சாப்ட்டா?"

"ஓ, அதுவா? பூபதி சாப்ட்டான். மோட்டாருக்கா வெக்க முடியும்?" சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தான்.

அன்றைக்கு என்னிடமிருந்து எதுவோ போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தலையைத் தூக்கி நேற்று வந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, அதை மறந்தும் போயிருக்கிறானே!

அந்த வாரம் நடுவில் கோடைமழை ஒன்று கொட்டியது. பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம், நான் தனியாக ஏரிக்குப் போனேன். தெப்பம் கரையில் வேலிக்காத்தான் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. உத்திராபதியின் பழைய மூங்கில் தூண்டில் ஒன்று சாக்குக்குள் செருகியபடியே இருந்தது. வயல் வரப்பில் இரண்டு தவளை பிடித்தேன். என் திட்டம் சுலபமானது. பெரிய விரால் ஒன்றை நானே பிடித்து, அவர்கள் கரைக்கு வரும்போது தூக்கிக் காட்ட வேண்டும். துடுப்புக்காரன் சும்மா இல்லை என்று உத்திராபதிக்குத் தெரிய வேண்டும்.

திட்டம் போடுவது எளிது. துடுப்பும் போட்டு, தூண்டிலும் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. தூண்டிலை வீசினால் தெப்பம் சுற்றியது. தெப்பத்தைப் பிடித்தால் நூல் சிக்கியது. முதல் தவளை கொக்கியிலிருந்து நழுவி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மணி எட்டரை ஆயிற்று. ஒரு கெளுத்திகூடத் தொடவில்லை. தூரத்தில் மோட்டார் படகு தெற்குக் கரையில் நின்றது. காற்று இந்தப் பக்கம் வீசும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் வந்தது.

வடக்கு மூலையில் கோரைக்குள் தெப்பத்தைத் திருப்பினேன். அங்கே சிவப்பு தெரிந்தது.

கோரை ஓரமாக, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு, தண்ணீர் சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது. என் கை தானாகத் துடுப்பைத் திருப்பிப் போட்டது. தெப்பமும் திரும்ப ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றில் மறுபடியும் உத்திராபதியின் சிரிப்பு வந்தது. கையை நிறுத்தினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்தே, மிச்சமிருந்த தவளையைச் சிவப்பின் நடுவில் போட்டேன்.

தண்ணீரில் தவளை பட்டதுதான் தெரியும். கீழேயிருந்து ஒரு கறுப்பு உருவம் வந்து மோதியது. மூங்கில் வளைந்து என் முழங்காலில் அடித்தது. பிடித்தேன், இழுத்தேன், மீன் தெப்பத்தோடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோரைக்குள் போனது. பத்து நிமிஷம் போராட்டம். மேலே போட்டபோது மீன் என் முழுக் கை நீளத்துக்கு இருந்தது. நாலு கிலோவுக்குக் குறையாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரிதான், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன பயன்? தெப்பத்தைச் சுற்றிச் சிவப்பு சிதறி, தனித்தனிப் புள்ளியாக ஓடியது. அதைப் பார்க்காமல் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன்.

கரையில் காத்திருந்தேன். மோட்டார் படகு வந்து நின்றதும் மீனைத் தூக்கிக் காட்டினேன்.

"சூப்பர் அங்கிள்! செம சைஸ்!" பூபதி படகிலிருந்து குதித்து ஓடிவந்தான். அன்று அவர்களுக்கு இரண்டு சின்ன மீன்தான் கிடைத்திருந்தது. "தனியாவா புடிச்சீங்க? எந்த எடம்?"

"மதகுகிட்ட, ஆழத்துல" என்றேன்.

உத்திராபதி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். சேற்றுக்கையோடு என் முதுகில் ஒரு அறை விட்டான். "டேய் ரங்கா! இத்தினி வருஷமா வேலைய மறைச்சு வெச்சிருந்தியேடா! பூபதி, போட்டோ எடு. எங்க ரெண்டு பேரையும் எடு." பூபதி எடுத்தான். நான் ஏங்கியது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. மீன் எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஜானகிகிட்ட சொல்லிடறேன். இன்னிக்கு நம்ம வீட்லதான் சாப்பாடு" என்றான் உத்திராபதி.

மீனை எப்போதும் அவன்தான் அறுப்பான். வாய்க்கால் கல்லில் உட்கார்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வயிற்றைக் கீறினான். நானும் பூபதியும் பக்கத்தில் நின்றோம். விரால் வயிற்றில் சின்னக் கெண்டை, இறால், தவளைக் கால் என்று ஏதாவது இருக்கும். உத்திராபதி அதைப் பிதுக்கிப் பார்த்துத்தான் அடுத்த வாரம் என்ன இரை போடலாம் என்று முடிவு செய்வான். அன்றும் பிதுக்கினான். ஒன்றும் வரவில்லை. குடல் காலிப் பை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"வவுறு காலி" என்றான். "இது பசிக்கு கடிச்ச மீன் இல்ல."

"அப்புறம் எதுக்கு மாமா கடிச்சுது?" என்று பூபதி கேட்டான்.

உத்திராபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மச்சானைத் துரத்தியது போல என்னையும் துரத்துவான் என்று நினைத்தேன். அவன் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு, "யாருக்குத் தெரியும்? மீனுக்கு இன்னா கோவமோ" என்றான். பூபதி முன்னால் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஜானகி குழம்புச் சட்டியோடு வந்து, இந்த வருஷம் தலை யாருக்கு என்று தெரியாமல் தயங்கி நின்றாள்.

"துடுப்பு போட்டது ரங்கன். தல அவனுக்கு வையி" என்றான் உத்திராபதி. வைத்தாள்.

"தூண்டில் போட்டதும் அவன்தான். வாலும் அவனுக்கே வையி."

அதையும் வைத்தாள். "உங்களுக்கு?"

"எனக்கு மோர் ஊத்து. இன்னிக்கு மீன் வேணாம்."

பூபதி நடுத்துண்டுகளைப் போட்டுக்கொண்டு, "அங்கிள், செம டேஸ்ட்டு" என்றான். என் தட்டில் தலையும் வாலும் சேர்ந்து கிடந்தன. உத்திராபதி மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு, "சாப்டு, ஆறிடும்" என்றான். சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, இரண்டையும் முடித்தேன்.

பூபதி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் உத்திராபதி கேட்டான். "எந்த எடம்?"

"வடக்கு மூல. கோரை ஓரம்."

"குஞ்சு எவ்ளோ இருக்கும்?"

"நெறைய."

"இன்னொரு மீனு இருந்துச்சா?"

"பாக்கல."

"இருக்கும். ஜோடி எங்க போயிடும்? ஆனா ஒத்தையா அது எத்தினிய பாக்கும்? நீர்க்காக்கா ரெண்டே நாள்ல முடிச்சிடும்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நாளைலேர்ந்து விடியக்காலைல போயி நீ காவல் நில்லு. சிவப்பு கறுக்கற வரைக்கும். கறுத்துட்டா அதுங்க பொழச்சிக்கும்."

"நீயும் வருவியா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கம் இல்லை.

"நானா புடிச்சேன்?" என்றான்.

அடுத்த நாளிலிருந்து போனேன். விடிகாலை ஐந்தரைக்குத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போய், கோரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்காருவேன். தூண்டில் கிடையாது. நீர்க்காகம் இறங்கினால் அலுமினியத் தட்டால் தண்ணீரில் ஓங்கி அடிப்பேன். மீன்கொத்தி வந்தால் கத்துவேன். ஒன்பதரைக்குக் கரைக்கு வந்து, பத்துக்குக் கடை திறப்பேன். கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பஜாரில், பாத்திரக் கடைக்காரருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி என் கடையில்கூட இல்லை.

"மேல்மலையனூர் அமாவாசைக்கு போயி ஒரு எலுமிச்சம்பழம் சுத்திட்டு வரலாமா?" என்றாள் ராஜம்மாள். அவள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை, நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லா வேணும்" என்றாள். மறுநாளிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக் கொடுத்தாள்.

நாலாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். குஞ்சுகள் தெப்பத்தின் நிழலுக்கு வந்து மொய்க்க ஆரம்பித்தன. தெப்பத்தை நகர்த்தினால் கூடவே நகர்ந்தன. அடியில், கோரைத் தண்டுகளுக்கு நடுவே, இன்னொரு கறுப்பு உருவம் அசையாமல் நின்றது. அது என்னை நம்பியிருக்காது. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் மோட்டார் படகு நடு ஏரியில் நின்றது. நாற்காலி சுற்றியது, சிரிப்பு வந்தது. என் வயிறும் வழக்கம்போல் எரிந்தது. ஆனால் கிளம்பிப் போகவில்லை, உட்கார்ந்து எரிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகு என் பக்கமாகவே வந்தது. பூபதி அந்த டிவிப் பெட்டியைப் பார்த்தபடியே ஓட்டி வந்தான். "மாமா, இங்க கூட்டமா காட்டுது பாருங்க" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. உத்திராபதி எதிர்ப்பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். பூபதி எழுந்து நின்று ரப்பர் தவளையை வீசக் கையை ஓங்கினான்.

"டேய்!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. "மடக்குடா! மடக்குடா தூண்டில!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டேன். தெர்மாகோல் தெப்பத்தில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். தெப்பம் ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் விழுந்தேன். மார்பளவு தண்ணீர். விழுந்தும் துடுப்பை விடவில்லை. படகின் மூக்கிலேயே தட்டால் மடார் மடார் என்று அடித்தேன். "போ! அந்தாண்ட போ!"

பூபதி மிரண்டுபோய், "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்றான்.

உத்திராபதி திரும்பினான். என்னைப் பார்த்தான், தலையில் கோரையும் கையில் தட்டும். என்னைச் சுற்றிச் சிவப்பு மொய்த்ததையும் பார்த்தான். பீடி வாயிலிருந்து விழ, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். இந்தத் தடவை நான்தான் காரணம்.

"போட்ட திருப்பு பூபதி" என்றான், சிரித்துக்கொண்டே. "கடிச்சிடப் போறான்."

படகு திரும்பிப் போனது. என்னைத் தெப்பத்தில் ஏற்றிவிட யாரும் நிற்கவில்லை. நானே ஏறினேன்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் போனேன். ஒரு வியாழக்கிழமை காலை சிவப்பு இல்லை. தெப்பத்து நிழலில் விரல் நீளக் கறுப்புக் குஞ்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. தட்டால் தண்ணீரைத் தட்டிப் பார்த்தேன். பிரிந்து ஓடிவிட்டன, திரும்பி வரவில்லை. எத்தனை பிழைத்தன, எத்தனை போயின என்று எனக்குத் தெரியாது. உத்திராபதிக்குப் போன் செய்து, "கறுத்துடுச்சு" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டான்.

பங்குனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. சித்திரை முதல் தேதி வியாபாரத்துக்காகக் கடையைத் திறந்து சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு மணிக்கு பூபதி வந்து நின்றான். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. என் கடையில் ஜானகி வாங்கிய தூக்குதான்.

"மாமா உங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொன்னாரு அங்கிள்."

வாங்கித் திறந்தேன். குழம்புக்குள் ஒரு பெரிய விரால் தலை மட்டும் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும்தானே போனீங்க?" என்றேன். "மோட்டார் போட்ல ஏதுப்பா துடுப்பு?"

"நானும் அததான் கேட்டேன். 'தல துடுப்புக்கு, போயி குடுத்துட்டு வா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்த வாடிக்கையாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். பூபதி போகாமல் நின்றுகொண்டிருந்தான். வெயிலில் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான், வாசனை வேறு. அவனுக்கு ஒரு வாய் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கொடுக்கவில்லை.